காணாத அலையும் கணக்கின் கடமையும்

“நீ பார்த்தாயா?”

பகுத்தறிவு பேசுகிற இளைஞனை நோக்கி வீசப்படும் கணைகளிலே கூர்மையானது இதுதான். ஆராயாமல் எதையும் ஏற்கமாட்டேன் என்று அவன் மேடையிலே முழங்குகிறான். கேட்டுக்கொண்டிருந்தவர்களிலே ஒருவர் எழுந்து, அமைதியாக, “அணுவைப் பார்த்தாயா தம்பி? எலக்ட்ரானைப் பார்த்தாயா? வெளியெங்கும் அலைகள் ஓடுகின்றன என்கிறாயே, அவற்றிலே ஒன்றையாவது பிடித்துவந்து காட்டு, பார்க்கலாம்!” என்கிறார். கூட்டத்திலே சிரிப்பு. இளைஞன் திகைக்கிறான். பிறகு, “விஞ்ஞானிகள் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள்” என்று கூறிச் சமாளிக்கிறான்.

இந்தப் பதில் எனக்குப் பிடிப்பதில்லை. முன்னோர் சொன்னார்கள் என்பதற்கும் விஞ்ஞானிகள் சொன்னார்கள் என்பதற்கும், சொல்லுகிறவனின் மனநிலையிலே என்ன வேற்றுமை? பீடம் அப்படியே இருக்கிறது. பீடத்தின்மேல் இருந்த ஏட்டை எடுத்துவிட்டு, வேறோர் ஏட்டை வைத்து, அதே கைகளைக் கூப்பி, அதே தலையைத் தாழ்த்தி நிற்கிறோம். காணாத ஒன்றை உண்டு என்று ஏற்பது எப்போது அறிவுடைமை, எப்போது அடிமைத்தனம்? இந்தக் கேள்விக்கு விடை தேடாமல் பகுத்தறிவு பேசுவது, நங்கூரமில்லாத கப்பலிலே நாலு முழக்கமிட்டு ஏறுவது போன்றது.

பொதுப்படையாகப் பேசினால் பேச்சு காற்றிலே கரைந்துவிடும். ஆகவே ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். வேண்டுமென்றே கடினமான பொருளை எடுத்துக்கொள்கிறேன். உலோகத்தின் முகத்திலே ஒட்டி ஓடும் ஒளி அலை. அதிலும், உலோகமும் அடுக்கடுக்காக அமைந்த ஒளிப்பொருளும் சந்திக்கும் எல்லையிலே சிறைப்பட்டுக் கிடக்கும் அலை. நான் பள்ளியிலே தமிழும் வரலாறும் கற்பிப்பவன். கலைப் பட்டம் பெற்றவன். இந்த அலையின் கணக்கைக் கரும்பலகையிலே போட்டுக்காட்டும் ஆற்றல் எனக்கில்லை. அதனால்தான் இதைத் தேர்ந்தேன். கணக்குத் தெரிந்தவன் நம்புவதிலே தத்துவச் சிக்கல் ஏது? தெரியாதவன் எந்த உரிமையோடு நம்புகிறான் என்பதல்லவா கேள்வி!

ஒளி என்றாலே கண்ணுக்கு எட்டுவது என்று நினைக்கிறோம். விளக்கிலிருந்து புறப்பட்டு, பொருளிலே பட்டு, தெறித்து, விழியிலே வந்து விழுகிறது, காண்கிறோம். ஆனால் எந்தத் திசையிலும் தெறித்துப் போகாமல், உலோகத்தின் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டே ஓடி, ஓடும்போதே தேய்ந்து, அங்கேயே மாய்ந்துபோகும் ஒளியும் உண்டு. கண்ணுக்கு வந்து சேராத ஒளி! சொல்லளவிலே முரண்பாடு, உலகத்திலே உண்மை.

அது எப்படி உண்டாகிறது? உலோகத்துக்குள்ளே எந்த அணுவோடும் கட்டுண்டு கிடக்காத எலக்ட்ரான்கள் ஏராளம். ஒளியின் மின்புலம் அவற்றை அசைக்கிறது. மேற்பரப்பிலே ஓரிடத்தில் அவை நெருங்குகின்றன, அடுத்த இடத்தில் விலகுகின்றன. நெருங்கிய இடமும் விலகிய இடமும் சேர்ந்து தமக்கென்று ஒரு மின்புலத்தை எழுப்புகின்றன. எலக்ட்ரான்களின் அசைவை ஒளி நடத்த, ஒளியை எலக்ட்ரான்கள் இழுத்துப் பிடிக்க, இரண்டும் இணைபிரியாமல் ஓடுகின்றன. காற்றுப் பக்கம் சில நூறு நானோமீட்டருக்குள் அதன் வலிமை வடிந்துவிடுகிறது. வெள்ளி, தங்கம் போன்ற உலோகத்தின் உட்பக்கம் இருபது முப்பது நானோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர்.) மேற்பரப்புப் பிளாஸ்மான் அலை என்று இதற்குப் பெயர்.

இந்த அலையின் அடிவைப்பு, அதே நிறத்து ஒளி காற்றிலே வைக்கும் அடியைவிடக் குறுகியது. அதுவே அதன் சிறைச்சாலை. அடி ஒத்துப்போகாத இருவர் கைகோத்து நடக்க முடியாதல்லவா? அதனால் வழவழப்பான உலோகத்தின்மேல் வெளியிலிருந்து ஒளியைக் கொட்டினாலும் இந்த அலை எழாது. எப்படியோ எழுந்துவிட்டால், தானே வெளியேறி நம் கண்ணுக்கு வரவும் வராது. உலோகத்தின்மேல் நெருக்கமாகச் சம இடைவெளியிலே கோடுகள் கீறிவிட்டால் நிலைமை மாறுகிறது. இடறும் நடையை அந்தக் கோடுகள் ஒத்த நடையாக்குகின்றன. விழுந்த ஒளியிலே குறிப்பிட்ட ஒரு நிறம் மேற்பரப்பு அலையாக மாறிவிடுகிறது. திரும்பிவரும் ஒளியிலே அந்த நிறம் குறைகிறது.

இத்தனையும் இன்று நமக்குத் தெரிந்த விளக்கம். விளக்கம் வருமுன் நிகழ்ச்சி வந்தது. அந்தக் கதையிலேதான் நமக்கு வேண்டிய பாடம் இருக்கிறது.

1902. அமெரிக்க நாட்டிலே, பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். ராபர்ட் உட் என்ற இயற்பியல் பேராசிரியர், உலோகத்திலே கோடு கீறிய கீற்றணி ஒன்றின்மேல் சாதாரண விளக்கொளியை வீழ்த்தி, விரியும் நிறமாலையைப் பார்க்கிறார். வெள்ளொளி ஒழுங்காக விரிந்து, ஒரு நிறத்திலிருந்து மறு நிறத்துக்குப் படிப்படியாக மாறவேண்டும். ஆனால் நடுவிலே திடீரென்று ஒளி விழுந்துவிடுகிறது. பத்திலே ஒரு பங்காக விழுகிறது. அந்த வீழ்ச்சி, சோடியம் விளக்கின் இரண்டு மஞ்சள் கோடுகளுக்கு இடையே உள்ள தொலைவுக்குள், அதாவது அலைநீளத்திலே ஒரு நானோமீட்டரைவிடக் குறைந்த இடைவெளிக்குள், நடந்து முடிந்துவிடுகிறது! மேலும் ஒரு விந்தை: ஒளியின் மின்புலம் கோடுகளுக்குக் குறுக்கே அசைந்தால் மட்டுமே இந்த இருள், கோடுகளின் போக்கிலே அசைந்தால் இல்லை.

உட் என்ன செய்தார்? விளக்கம் தெரியவில்லை என்று ஒளித்துவைக்கவில்லை. தெரிந்தவர்போல் எதையோ புனைந்து ஒட்டவும் இல்லை. கண்டதை, எந்த நிலையிலே கண்டார், எந்த நிலையிலே காணவில்லை என்ற விவரத்தோடு வெளியிட்டார். விளக்கம் பிறகு வரட்டும் என்று விட்டார். ‘உட் கண்ட பிறழ்ச்சிகள்’ என்று அதற்குப் பெயர் நிலைத்தது. அறியாமைக்குத் தன் பெயரைக் கொடுக்க ஒருவன் கூசாமலிருப்பது சாதாரணப் பெருமையல்ல.

அடுத்த ஆண்டு, 1903. பிரான்சு நாட்டிலே நான்சி நகரம். பிளாண்ட்லோ என்ற இயற்பியல் அறிஞர், எக்ஸ் கதிர்போல் இன்னொரு புதிய கதிரைக் கண்டதாக அறிவிக்கிறார். ஊரின் முதலெழுத்தைச் சூட்டி அதற்கு ‘என்’ கதிர் என்று பெயரிடுகிறார். கதிர் பட்டால் ஒரு மங்கிய தீப்பொறி சற்றே பிரகாசமடையும். இருட்டறையிலே உட்கார்ந்து, கண்ணைப் பழக்கி, அந்தச் சிறு பிரகாசத்தைக் காணவேண்டும். கண்டார்கள்! ஒருவரல்ல, பலர் கண்டார்கள். கட்டுரைகள் குவிந்தன. மனித உடம்பிலிருந்துகூட அந்தக் கதிர் கிளம்புகிறது என்று கண்டவர் உண்டு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிளாண்ட்லோ ஏமாற்றுக்காரர் அல்லர். நேர்மையானவர், நிறைந்த புலமையாளர், நாடு போற்றிய ஆராய்ச்சியாளர். தாம் பார்த்ததாக அவர் சொன்னதிலே பொய்யில்லை. பார்த்தார்.

1904 செப்டம்பரிலே அதே உட் நான்சிக்குச் சென்றார். இருட்டறையிலே பிளாண்ட்லோ தமது சோதனையை நடத்திக்காட்டினார். அலுமினிய முப்பட்டகம் ஒன்று கதிரை வளைத்துப் பிரிப்பதாகவும், பிரிந்த கதிர்கள் எந்தெந்த இடத்திலே விழுகின்றன என்று தாம் அளப்பதாகவும் கூறினார். இருளைப் பயன்படுத்திக்கொண்டு உட் அந்த முப்பட்டகத்தையே மெல்ல எடுத்துவிட்டார். வளைக்க வேண்டிய பொருள் அங்கே இல்லை. ஆனால் அளவுகள் மாறவில்லை! முன்பு கண்ட இடங்களிலேயே கதிர்கள் காணப்பட்டன. உட் இதை ‘நேச்சர்’ ஏட்டுக்கு எழுதினார். அதே மாதம் வெளியாயிற்று. அயல்நாடுகளிலே ‘என்’ கதிரின் கதை அத்தோடு முடிந்தது.

இரண்டு நிகழ்ச்சிகளையும் பக்கத்திலே பக்கத்திலே வையுங்கள், தோழர்களே. ஒரு பக்கம், பார்த்தோம் பார்த்தோம் என்று பலர் சாட்சி சொன்ன கதிர், அது இல்லை. மறுபக்கம், எவர் கண்ணுக்கும் வந்து சேராத மேற்பரப்பு அலை, அது உண்டு. “நீ பார்த்தாயா?” என்ற கேள்வியின் வேர் இங்கேதான் அற்றுப்போகிறது. பார்ப்பது உண்மையின் உரைகல் அன்று. பார்க்க விரும்பியதைப் பார்க்கும் பழக்கம் கண்ணுக்கு உண்டு. மங்கிய ஒளியிலே அந்தப் பழக்கம் வளரும். கேட்கவேண்டியது வேறு கேள்வி: முப்பட்டகத்தை எடுத்துவிட்டால் விடை மாறுமா?

உட் கண்ட இருளுக்கு அந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். மின்புலத்தின் திசையைத் திருப்பினால் இருள் மறைகிறது. ஒளி விழும் கோணத்தை மாற்றினால் இருள் வேறு நிறத்துக்கு நகர்கிறது. 1936-இல் ஸ்டிராங் என்பவர், கோடுகளின் இடைவெளியை மாற்றாமல், கீற்றணியின் மேலே வெவ்வேறு உலோகங்களைப் பூசிப் பார்த்தார். உலோகத்துக்கு உலோகம் இருளின் இடமும் வடிவமும் மாறின. தொட்டால் பதில் சொல்கிறது. அதுதான் உயிருள்ள உண்மையின் இலக்கணம். பிளாண்ட்லோவின் கதிர் எதைச் செய்தாலும் மாறாமல் நின்றது. மாறாமல் நிற்பதே சில பொருள்களுக்குப் பெருமை என்று நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். ஆராய்ச்சியிலே அது மரணக்குறி.

விளக்கம் ஒரே நாளில் வரவில்லை. 1907-இல் இங்கிலாந்தின் ராலே பிரபு, கீற்றணியிலிருந்து கிளம்பும் ஒளிக்கற்றைகளிலே ஒன்று மேற்பரப்பை உரசிக்கொண்டு மறையும் கட்டத்திலே பிறழ்ச்சி தோன்றவேண்டும் என்று கணக்கிட்டார். நல்ல கணக்கு, ஆனால் அதிலே கோடுகளின் இடைவெளிக்குத்தான் இடமுண்டு, உலோகத்தின் குணத்துக்கு இடமில்லை. ஸ்டிராங்கின் சோதனையோ உலோகத்தையும் கேள் என்றது. 1941-இல் ஃபானோ என்ற இத்தாலிய அறிஞர் முடிச்சை அவிழ்த்தார். பிறழ்ச்சி ஒன்றல்ல, இரண்டு வகை. ஒன்று ராலே சொன்னது, மற்றொன்று உலோகத்தின் மேற்பரப்பிலே ஓடும் அலையோடு ஒளி ஒத்திசைவதால் வருவது என்றார். கண்டதற்கும் காரணம் தெரிந்ததற்கும் இடையிலே முப்பத்தொன்பது ஆண்டுகள்! அத்தனை ஆண்டுகளும் ‘தெரியவில்லை’ என்ற சொல்லைத் தாங்கிக்கொண்டு நின்ற நெஞ்சுரத்தை நம் இளைஞர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். விளக்கமில்லாத இடத்திலே விளக்கத்தை நிரப்பியே தீரவேண்டும் என்ற அவசரந்தான் உலகத்து மூடநம்பிக்கைகளிலே பாதியைப் பெற்றது என்பது என் கணிப்பு.

ஒருவர் கேட்கலாம்: நடந்து முடிந்ததற்கு விளக்கம் சொல்வது பெரிய வித்தையா? சோதிடரும் அதைத்தானே செய்கிறார்? நியாயமான கேள்வி. நடந்தபின் பொருந்துவது எளிது. நடக்குமுன் கழுத்தை நீட்டவேண்டும். தங்கத் தகடு சிவப்பு ஒளியிலே பத்திலே ஒன்பது பங்குக்கு மேல் திருப்பி அனுப்பக்கூடியது. ஏறத்தாழ ஒரு கண்ணாடி. 1976-இல் பிரான்சின் மார்சேய் நகரத்திலே மேஸ்த்ரும் அவரோடு உழைத்தவர்களும் கணக்குப் போட்டு, இந்தத் தங்கத்திலே ஒளியின் அலைநீளத்திலே பத்தில் ஒரு பங்குகூட ஆழமில்லாத மெல்லிய அலைவடிவக் கோடுகளைப் போட்டால், தக்க கோணத்திலே வரும் ஒளி முழுவதையும் அது விழுங்கிவிடும் என்று சொன்னார்கள். கேட்பவன் சிரிப்பான்! கண்ணாடியிலே கண்ணுக்குத் தெரியாத கீறல் போட்டால் கரியாகிவிடுமா? அதே ஆண்டு, இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹட்லியோடு சேர்ந்து சோதித்துப் பார்த்தார்கள். தங்கம் ஒளியை விழுங்கிற்று. விழுங்காமல் போயிருந்தால் கணக்கு செத்திருக்கும். தான் எப்போது சாகும் என்பதை முன்கூட்டிச் சொல்லத் துணிவது கணக்கு. எந்நாளும் சாகாத வகையிலே சொற்களைப் பின்னிவைப்பது சோதிடம்.

இனி, உலோகமும் அடுக்குப்பொருளும் சந்திக்கும் எல்லைக்கு வருவோம்.

ஒளியைத் தடுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று உலோகம்: அதன் எலக்ட்ரான்கள் ஒளியை உள்ளே விடாமல் திருப்புகின்றன. இன்னொன்று அடுக்கு: ஒளியூடுருவும் இரண்டு வகைப் பொருளை மாற்றி மாற்றி, ஒவ்வொன்றும் கால் அலைநீளக் கனத்திலே, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு படலமும் ஒளிக்குத் திறந்த வாயில். ஆனால் ஒவ்வோர் எல்லையிலும் சிறிதளவு ஒளி திரும்புகிறது; திரும்பியவை எல்லாம் ஒரே தாளத்திலே ஒன்றுசேர்ந்து, குறிப்பிட்ட நிறங்களுக்கு வழியை அடைத்துவிடுகின்றன. (எளியவர் ஒன்றுகூடினால் கோட்டை என்பதற்கு இயற்கையிலேயே ஒரு சான்று! அந்தச் சொற்பொழிவை இங்கே தொடங்கமாட்டேன்.) ஒளிப்படிகம் என்று அழைக்கப்படும் பெருங்குடும்பத்திலே எளிய உறுப்பினர் இந்த அடுக்குக் கண்ணாடி.

இந்த இரண்டையும் முகத்தோடு முகம் ஒட்டிவைத்தால்? இருபுறமும் அடைத்த வாயில். நடுவிலே ஒளிக்கு இடமேது? இடமுண்டு என்றது கணக்கு. எல்லையிலே நிற்கும் ஒளி உலோகத்திலே பட்டுத் திரும்பி, அடுக்கிலே பட்டுத் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கு வரும்போது, புறப்பட்ட அதே தாளத்திலே வந்து சேர்ந்தால், அது அங்கேயே நிலைக்கும். உலோகத்துக்குள் விரைவாகவும், அடுக்குக்குள் அசைந்து அசைந்து மெதுவாகவும் தேயும் ஓர் அலை, எல்லையிலே கூடு கட்டிக்கொள்ளும். ருஷ்ய அறிஞர் டாம் 1932-இல் படிகத்தின் ஓரத்திலே எலக்ட்ரான்கள் இப்படித் தங்கும் என்று எழுதியிருந்தார். எலக்ட்ரானுக்கு எழுதிய கருத்து ஒளிக்கும் பொருந்திற்று. 2003-இல் காஸ்பர் ஆர்மென்டா, வில்லா இருவரும் உலோகமும் ஒளிப்படிகமும் கூடும் எல்லையின் அலைகளைப் பற்றி எழுதினார்கள். 2007-இல் கலிதேயெவ்ஸ்கி குழுவினர் இந்த அலையின் கணக்கை விரிவாக வகுத்து, ‘டாம் பிளாஸ்மான்’ என்று பெயரிட்டார்கள். வெறும் உலோகத்தின் அலை ஒரே திசை மின்புலத்துக்குத்தான் எழும், நேரே விழும் ஒளிக்கு எழாது. இது இரு திசைக்கும் எழும், கோடு கீறாமலே நேரே விழும் ஒளிக்கும் எழும் என்பது அவர்கள் முன்கூட்டிச் சொன்னது. 2008-இல், குறைகடத்தி அடுக்கின்மேல் மெல்லிய தங்கப் படலம் பூசிய அமைப்பிலே, எதிர்பார்த்த பள்ளம் நிறமாலையிலே காணப்பட்டது.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்பதைக் கோடிட்டுக் காட்டுகிறேன். ஒவ்வொரு படலத்துக்கும் நான்கு எண்கள் கொண்ட ஒரு சிறு கட்டம். படலத்தின் இப்பக்கத்து ஒளியை அப்பக்கத்து ஒளியோடு அது இணைக்கிறது. கட்டங்களை வரிசையாகப் பெருக்கிக்கொண்டே போனால், எத்தனை படலமானாலும் முழு அமைப்பின் விடை கிடைக்கிறது. 1950-இல் அபெலெஸ் வகுத்த முறை. அழகானது, எளிமையானது. கணிப்பொறி ஒரு நொடியிலே முடித்து, வழுவழுப்பான வளைகோடு ஒன்றைத் திரையிலே தீட்டிக்காட்டிவிடும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

ஏனெனில் கணித மாதிரி என்பது உலகம் அன்று; உலகத்தைப் பற்றி நாம் கூறும் ஒரு வாக்குமூலம். வாக்குமூலம் கொடுப்பவனுக்குக் கடமை உண்டு. உலோகத்தின் குணத்தை எழுத, ட்ரூட 1900-இல் கொடுத்த எளிய மாதிரியை எடுத்துக்கொள்வது வழக்கம். எலக்ட்ரான்கள் தடையின்றித் திரியும் வாயுபோல என்பது அதன் கருத்து. அகச்சிவப்பிலே அது தங்கத்துக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் அந்த மாதிரியின்படி தங்கம் வெள்ளிபோல் வெளுத்திருக்கவேண்டும்! தங்கம் மஞ்சளாக இருப்பதற்குக் காரணம், கட்டுண்ட எலக்ட்ரான்கள் நீல ஒளியை விழுங்குவது. அது அந்த மாதிரியிலே இல்லை. மணமகளின் கழுத்திலே மின்னும் நிறத்தை அறியாத மாதிரி! அதற்காக அதைத் தூக்கி எறிவதில்லை. இன்ன எல்லைவரை செல்லும், அதற்கப்பால் அளந்து பார்த்த எண்களையே பயன்படுத்து என்று சொல்லிவிடுகிறார்கள். ஜான்சனும் கிறிஸ்டியும் 1972-இல் அளந்து வெளியிட்ட எண்களை இன்றும் எடுத்தாள்கிறார்கள். எல்லையைச் சொல்லாமல், நீல நிறத்திலே அந்த எளிய மாதிரியை ஓட்டி, வளைகோட்டை மட்டும் காட்டுகிறவன் என்ன செய்கிறான்? ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லை. ஆனாலும் ஏமாற்றுகிறான்.

இதைவிட நுட்பமான ஒரு சோதனையும் வந்தது. கோடு கீறிய உலோகத்தின் கணக்கிலே, ஒளியைப் பல அலைகளின் கூட்டாக எழுதி, ஓர் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்வார்கள். எண்ணிக்கையைக் கூட்டினால் விடை ஒரே இடத்திலே நிலைக்கவேண்டும். மின்புலம் கோடுகளுக்குக் குறுக்கே இருக்கும்போது, அதாவது மேற்பரப்பு அலை எழும் அதே நிலையிலே, விடை நிலைக்காமல் ஊசலாடிக்கொண்டே இருந்தது. பல ஆண்டுகள் இந்தத் தொல்லை. 1996-இல் லலான், மாரிஸ் இருவரும், கிரானே, கிசால் இருவரும், தனித்தனியே கணக்கை எழுதும் முறையை மாற்றி விடையை நிலைநிறுத்தினார்கள். அதே ஆண்டு லீஃபெங் லி காரணத்தைக் காட்டினார். எல்லையிலே இரண்டு அளவுகள் திடீரென்று தாவுகின்றன; அவற்றின் பெருக்குத்தொகை மட்டும் தாவாமல் செல்கிறது. அப்படிப்பட்ட இரண்டைப் பாதியிலே நிறுத்திய தொடர்களாக எழுதி வழக்கமான விதிப்படி பெருக்கக்கூடாது.

இதிலே என்னை உலுக்கிய செய்தி வேறு. ஒளியை விழுங்காத பொருள்களுக்கு இந்த முறையிலே கணக்குப் போட்டால், போன ஆற்றலும் வந்த ஆற்றலும் எப்போதும் ஒத்துப்போகும். எத்தனை குறைந்த அலைகளோடு நிறுத்தினாலும், விடை எவ்வளவு தவறாக இருந்தாலும், ஒத்துப்போகும்! வரவும் செலவும் காசு பிசகாமல் பொருந்தும் கணக்கேட்டிலே, பதிவுகள் அத்தனையும் பொய்யாக இருப்பதுபோல. கூட்டல் சரியாக இருக்கிறதே என்று கையெழுத்திடும் தணிக்கையாளரை நாம் அறிவோம். தனக்குள் முரண்படாமலிருப்பது உண்மைக்கு வேண்டிய தகுதிதான். ஆனால் அது மட்டும் போதாது. முரணில்லாத தத்துவம் என்று மெச்சப்படும் பழைய பெருங்கட்டுமானங்கள் சிலவற்றை நினைத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் ஆய்வகத்து அறிஞர்களின் சச்சரவு, நமக்கென்ன என்று எண்ணவேண்டா. 1983-இல் ஸ்வீடன் நாட்டிலே லீட்பெரி முதலியோர் இந்த மேற்பரப்பு அலையைக் கொண்டு வாயுவையும் உயிர்ப் பொருள்களையும் உணரும் கருவிக்கு வழிகாட்டினார்கள். தங்கப் படலத்தின்மேல் ஒரு மூலக்கூறு வந்து ஒட்டினால், இருள் விழும் கோணம் சற்று நகரும். அந்த நகர்வைக் கொண்டு, ஒரு மருந்து தன் இலக்கிலே எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறது என்று கணக்கிடுகிறார்கள். கருவி காட்டுவது கோண நகர்வு ஒன்றே. “இத்தனை இறுக்கம்” என்பதைச் சொல்வது மாதிரி. ஒன்றுக்கு ஒன்று ஒட்டுகிறது என்ற எளிய அனுமானம் பல சமயம் அதிலே அடங்கியிருக்கும். வளைகோடு பொருந்திவிட்டது என்பதாலேயே அனுமானம் மெய்யாகிவிடாது. அந்த எண்ணை நம்பி அடுத்த படி, அதற்கடுத்த படி என்று சென்றால், கடைசிப் படியிலே மருந்தை விழுங்க ஒரு நோயாளி காத்திருக்கிறார். அவருக்கு டாமையும் தெரியாது, ஃபானோவையும் தெரியாது. தெரியாத அவரிடம் மாதிரி வகுத்தவர் பட்ட கடன் இல்லையா?

உண்டு என்கிறேன். எந்த அனுமானத்தின்மேல் நிற்கிறேன், எங்கே என் கணக்கு பொய்க்கும், எதைக் கண்டால் நான் கைவிடுவேன் என்று வெளிப்படையாகச் சொல்வது அந்தக் கடனைத் தீர்க்கும் வழி. விஞ்ஞானியின் அறம் என்று தனியே ஒன்று இருந்தால் அது இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. மற்றவை அனைவருக்கும் பொதுவானவை.

இப்போது முதற்கேள்வி முழு வேகத்தோடு என்மேல் திரும்புகிறது. “கணக்கு உனக்குத் தெரியாது. சோதனை நீ செய்யவில்லை. நீயும் நம்பத்தானே செய்கிறாய்?” ஒருமுறை வகுப்பிலே ஒரு மாணவி இதையே சுருக்கிக் கேட்டாள்: “புத்தகத்திலே அச்சாகியிருப்பதால்தான் அது உண்மையா, ஐயா?”

ஆம், நம்புகிறேன். ஆனால் நம்பிக்கையிலே இரு வகை உண்டு. ஒன்று கொடை, கொடுத்தபின் திரும்பக் கேட்க உரிமையில்லை. மற்றொன்று கடன், கொடுத்தவன் எந்நாளும் கணக்குக் கேட்கலாம். நான் மேற்பரப்பு அலைக்குக் கொடுத்திருப்பது கடன். எந்த ஆளின் பெருமைக்கும் அல்ல. முப்பட்டகத்தை எடுத்துவிட வேறொருவனுக்கு வாயில் திறந்திருக்கிற ஏற்பாட்டுக்கு. பிளாண்ட்லோவின் புகழ் பிளாண்ட்லோவைக் காக்கவில்லை. அயல்நாட்டான் ஒருவன் அவர் அறைக்குள்ளேயே புகுந்து சோதிக்க முடிந்தது. ராலே பிரபு என்ற பெரும்பெயர் ஸ்டிராங்கின் பூச்சுகளை நிறுத்தவில்லை. நான் கணக்குப் போடாவிட்டாலும், போட்டவர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஐயம் கொள்ள உரிமையுடையவர்களா, அந்த உரிமையைப் பயன்படுத்தினார்களா, பயன்படுத்தியவன் தண்டிக்கப்பட்டானா என்று பார்க்க எனக்கும் கண் உண்டு. வரலாறு கற்பிப்பவனுக்கு அது போதுமான வேலை. அந்த வாயில் அடைபட்ட இடத்திலே, வெளியே ‘விஞ்ஞானம்’ என்று எவ்வளவு பெரிய பலகை தொங்கினாலும், என் கடனைத் திரும்பப் பெற்றுக்கொள்வேன்.

இன்னொரு தடையும் உண்டு. அதை நான் முழுவதும் வென்றதாகச் சொல்லமாட்டேன். கணக்குப் பொருந்துகிறது, முன்கூட்டிச் சொன்னது நடக்கிறது, சரி. அதனால் அலை ‘இருக்கிறது’ என்று சொல்லலாமா, அலை இருப்பதுபோல் கணக்கிட்டால் விடை கிடைக்கிறது என்று மட்டும் சொல்லலாமா? 1990-களிலே மிகக் கூரிய ஒளியிழை முனையை மேற்பரப்புக்கு அருகே கொண்டுபோய், அங்கே சிறைப்பட்ட ஒளியிலே ஒரு துளியைக் கசியவைத்து, அலை ஓடும் தடத்தைப் படமாகவே எடுத்தார்கள். ஆயினும் முனை அருகே சென்றதும் அலை சற்றே மாறுகிறது. நாம் பெற்றது தொடப்பட்ட அலையின் படம். அதனால் அலை இல்லை என்பார் இல்லை. பல வழிகள் ஒன்றையொன்று அறியாமல் ஒரே இடத்திலே வந்து கூடும்போது, ‘இருக்கிறது’ என்று சொல்ல நான் தயங்குவதில்லை. கீற்றணி ஒரு வழி, அடுக்கு ஒரு வழி, கூரிய முனை ஒரு வழி. தயங்குபவரை நான் பழிப்பதுமில்லை.

எல்லை என்று இத்தனை முறை எழுதினேன். உலோகம் இங்கே முடிகிறது, அடுக்கு இங்கே தொடங்குகிறது என்று கணக்கிலே ஒரு கூரிய கோடு போடுகிறார்கள். எலக்ட்ரான் கூட்டத்துக்கு அப்படிப்பட்ட கூரிய விளிம்பு கிடையாது. இடைவெளி ஒரு நானோமீட்டருக்கும் கீழே சுருங்கும்போது அந்தக் கோடு போட்ட கணக்கு தவறுகிறது என்பதை 2012-இல் சிராசி முதலியோர், தங்கத் தகட்டுக்கு மேலே சிறு தங்கத் துகள்களை மிக நெருக்கமாக நிறுத்திச் சோதித்துக் காட்டினார்கள். ஒளி எவ்வளவு குவியும் என்பதற்கு எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளுவதே வரம்பு கட்டுகிறது. அந்தத் தொலைவிலே உலோகம் எங்கே முடிகிறது என்று கணக்கிலே எப்படி எழுதுவது என்பதற்கு இன்று ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரிகள் இருக்கின்றன. எது எங்கே செல்லும் என்பதற்கான வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.